துப்பறிவாளரைத் துப்பறிவது யார்?



பள்ளிக்கூட நாட்களில் வாடகை நூலகத்தில் துப்பறியும் நாவல் எடுத்துப் படிக்காதவர்கள் நம்மில் குறைவு. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் குடித்துக்கொண்டே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் கிண்டலடித்துக்கொண்டே வழக்கை முடித்துவிடுவார்கள். அவர்கள் பொய் சொல்லி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நாம் கைதட்டுவோம். பூட்டைத் திறந்து பீரோவைக் குடைந்தால் இன்னும் பலமாகக் கைதட்டுவோம். "இவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா? இவர் மீது யாரிடம் புகார் கொடுப்பது?" என்று ஒரு நாளும் நாம் கேட்டதில்லை. கதாநாயகன் நல்லவன் என்று நமக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அந்தக் கேள்வி எனக்கு வந்தது ஒரு வீட்டு விஷயத்தால். சில வருடங்களுக்கு முன் என் பெரியப்பா மகளுக்கு ஒரு வரன் பேசி முடிகிற நிலையில் இருந்தது. ஒரு நாள் கையில் அட்டையும் பேனாவுமாக ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். "சர்வே எடுக்க வந்திருக்கேன்மா" என்று வீடு வீடாகப் போனார். எதிர் வீட்டு அத்தை தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துப் பேசியிருக்கிறார். பேச்சு ரேஷன் கார்டில் தொடங்கி அக்கா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவாள், யாரோடு வருவாள் என்பதில் போய் நின்றதாம். பத்து நாளில் மாப்பிள்ளை வீட்டார் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. வந்தவர் ஒரு துப்பறியும் நிறுவனத்து ஆள் என்பது பிறகு ஒரு உறவினர் மூலம் தெரிந்தது. அவர் என்ன எழுதிக் கொடுத்தார், அது உண்மையா பொய்யா, இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பெரியப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

பதில் தேடிப் போனபோது கிடைத்த வரலாறுதான் இந்தக் கட்டுரை. உலகத்தில் தனியார் துப்பறிவாளர்களுக்கு உரிமம் எப்படி வந்தது? தவறு செய்தவர்களை யார் தண்டித்தார்கள்? அந்தத் தண்டனை எங்கே வேலை செய்தது, எங்கே செய்யவில்லை?

தூங்காத கண்

இந்தத் தொழிலின் முதல் பெரிய மனிதர் பிரான்சின் வீடோக். 1775ல் அராஸ் நகரில் பிறந்தவர். இளமையில் குற்றவாளி, பலமுறை சிறையிலிருந்து தப்பியவர். பின்னர் அதே மனிதர் பாரிஸ் காவல்துறையின் துப்பறியும் பிரிவுக்குத் தலைவரானார். அங்கிருந்து விலகி 1833ல் சொந்தமாக ஒரு தகவல் நிறுவனம் தொடங்கினார். கடனைத் திருப்பித் தராதவர்களையும் மோசடிக்காரர்களையும் பற்றி வியாபாரிகளுக்குத் தகவல் சொல்வது வேலை. அப்போது உரிமமும் கிடையாது, நெறிமுறையும் கிடையாது. போலீசுக்கு அவர் மேல் கோபம் வந்தால் சோதனை போடுவார்கள், கைது செய்வார்கள். 1843ல் கீழ்க் கோர்ட்டில் தண்டனை கிடைத்து, மேல்முறையீட்டில் விடுதலையானார். அதாவது துப்பறிவாளரைக் கட்டுப்படுத்த அன்று இருந்தது குற்றவியல் சட்டம் ஒன்றுதான். ஒன்று ஜெயில், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. இடையில் எதுவும் கிடையாது.

கடல் தாண்டி அமெரிக்காவில் கதை இன்னும் பெரிதானது. ஆலன் பிங்கர்டன் 1819ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர், பீப்பாய் செய்யும் தொழிலாளி. அங்கே தொழிலாளர்களின் ஓட்டுரிமைக்காக நடந்த சார்ட்டிஸ்ட் இயக்கத்தில் இருந்தவர். 1842ல் அமெரிக்காவுக்குப் போய், 1850 வாக்கில் சிகாகோவில் துப்பறியும் நிறுவனம் தொடங்கினார். திறந்த கண் ஒன்றுதான் அதன் சின்னம். "நாங்கள் தூங்குவதேயில்லை" என்பது அதன் வாசகம். துப்பறிவாளரை ஆங்கிலத்தில் 'பிரைவேட் ஐ' என்று சொல்லும் வழக்கம் பரவியதற்கு இந்தக் கண்ணும் ஒரு காரணம் என்பார்கள்.

ரயில் கொள்ளைக்காரர்களைப் பிடித்துப் பேர் வாங்கிய இந்த நிறுவனத்துக்குப் பிறகு பெரிய வருமானம் வந்தது முதலாளிகளிடமிருந்துதான். தொழிற்சங்கத்துக்குள் வேவு பார்ப்பது, வேலைநிறுத்தத்தை உடைப்பது. சார்ட்டிஸ்டாக இருந்தவர் ஆரம்பித்த கம்பெனிக்கு இப்படி ஒரு கதி! ஆலன் பிங்கர்டன் 1884ல் இறந்தார். அதன் பிறகுதான் உச்சக்கட்டம் வந்தது.

1892 ஜூலை 6. பென்சில்வேனியா மாநிலம், ஹோம்ஸ்டெட். கார்னகி எஃகு ஆலையில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு. ஆலையை நடத்திய ஹென்றி ஃப்ரிக், சுமார் 300 பிங்கர்டன் ஆட்களைத் துப்பாக்கிகளோடு படகில் ஏற்றி மோனோங்காஹேலா ஆற்று வழியே வரவழைத்தார். கரையில் தொழிலாளர்கள் காத்திருந்தார்கள். நாள் முழுக்கச் சண்டை. இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கடைசியில் பிங்கர்டன் ஆட்கள் சரணடைந்தார்கள்.

நாடே அதிர்ந்தது. நாடாளுமன்றம் விசாரித்தது. 1893ல் ஒரு சட்டம் வந்தது. பிங்கர்டன் நிறுவனத்தில் வேலை செய்கிறவரையும் அதுபோன்ற நிறுவனத்தில் வேலை செய்கிறவரையும் மத்திய அரசு வேலைக்கு அமர்த்தக் கூடாது என்றது. ஒரு தனியார் கம்பெனியின் பெயரையே சொல்லித் தடுத்த சட்டம்! ஆனால் கவனியுங்கள். இது அரசாங்கத்துக்கு விதித்த தடை. பிங்கர்டன் நிறுவனத்தைத் தொழில் செய்யக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, சொல்ல வழியும் இல்லை. பறிப்பதற்கு மத்திய அரசு கொடுத்த உரிமம் என்று ஒன்று இருந்தால்தானே பறிக்க முடியும்? முதலாளிகள் வழக்கம் போல ஆள் எடுத்தார்கள். தொழிற்சங்க வேவு வேலையை அந்த நிறுவனம் கைவிட்டது 1937ல்தான். அதுவும் லா ஃபாலெட் தலைமையிலான செனட் குழு எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த பிறகு.

உரிமம் என்ற கயிறு

கட்டுப்பாடு மாநில அளவில்தான் மெதுவாக வளர்ந்தது. கலிபோர்னியா மாநிலம் 1915 முதல் தனியார் துப்பறிவாளர்களுக்கு உரிமம் கொடுத்து வருகிறது. (பிற்காலத்தில் புகழ்பெற்ற துப்பறியும் எழுத்தாளரான டாஷியல் ஹாமெட், பிங்கர்டன் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் இதே 1915ல்தான், ஆனால் பால்டிமோரில்.)

உரிமம் என்பதை நாம் பெரும்பாலும் ஒரு அனுமதிச் சீட்டு என்று நினைக்கிறோம். உண்மையில் அது ஒரு கயிறு. ஒரு முனை தொழில் செய்பவர் கழுத்தில், மறுமுனை அரசாங்கத்தின் கையில். ஜெயிலுக்கும் சும்மா விடுவதற்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தை நிரப்ப வந்ததுதான் இது. எச்சரிக்கலாம், அபராதம் போடலாம், சில மாதம் நிறுத்தி வைக்கலாம், முற்றிலும் பறிக்கலாம்.

கலிபோர்னியாவில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். அங்கே உரிமம் வாங்க மூன்று வருட (6,000 மணி நேர) விசாரணை அனுபவம் வேண்டும். சட்டப் படிப்போ காவல்துறை சார்ந்த படிப்போ இருந்தால் அதில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள். கைரேகை எடுத்துக் குற்றப் பின்னணி பார்ப்பார்கள். எழுத்துத் தேர்வும் உண்டு. உரிமம் வாங்கிய பிறகு செய்யக் கூடாதவை ஒரு நீண்ட பட்டியல். அரசு அதிகாரி போல நடிக்கக் கூடாது. தொழிலில் போலீஸ் பேட்ஜ் மாதிரி எதையும் காட்டக் கூடாது. வாடிக்கையாளருக்குப் பொய் அறிக்கை கொடுக்கக் கூடாது. அவருக்காகச் சேகரித்த தகவலை, சட்டம் கேட்டாலொழிய, மற்றவர்களிடம் சொல்லக் கூடாது.

மீறினால்? நுகர்வோர் நலத்துறையின் கீழ் இருக்கும் ஒரு அலுவலகத்துக்குப் புகார் போகும். சின்னத் தவறு என்றால் அபராதத்தோடு முடியும். பெரிய தவறு என்றால் முறையான குற்றச்சாட்டுப் பத்திரம் தயாராகும். நிர்வாக நீதிபதி ஒருவர் முன் விசாரணை நடக்கும். துப்பறிவாளர் வக்கீல் வைத்து வாதாடலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஒருவரின் பிழைப்பைப் பறிக்கிற விஷயம் என்பதால் இந்த நிதானம் அவசியம்தான். பல நேரம் "உரிமம் ரத்து, ஆனால் இந்த ரத்து நிறுத்தி வைக்கப்படுகிறது, இத்தனை வருடம் இன்னின்ன நிபந்தனைகளோடு நடந்துகொள்ள வேண்டும்" என்கிற மாதிரி தீர்ப்பு வரும்.

பார்ப்பதற்கு அழகான ஏற்பாடு. டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் இருப்பது போலவே. ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டாக்டர் தவறு செய்தால் பாதிக்கப்படுவது நோயாளி. அவரே புகார் கொடுப்பார். வக்கீல் ஏமாற்றினால் கட்சிக்காரர் புகார் கொடுப்பார். இரண்டிலும் காசு கொடுத்தவரும் அடிபட்டவரும் ஒரே ஆள். துப்பறிவாளர் விஷயத்தில் அப்படியில்லை. காசு கொடுத்தவர் ஒருவர், பாதிக்கப்படுபவர் வேறொருவர். காசு கொடுத்தவருக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது, அவர் எதற்குப் புகார் கொடுக்கப் போகிறார்? பாதிக்கப்பட்டவருக்கோ தன்னை யாரோ பின்தொடர்ந்தார்கள் என்பதே தெரியாது. புகாரை நம்பி நிற்கிற எந்த ஒழுங்கு முறையும் இங்கே பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் வேலை செய்யும்.

250 டாலர்

இதற்கு உலகம் கொடுத்த விலை ரொம்ப அதிகம். 1989 ஜூலை 18 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் ரெபெக்கா ஷேஃபர் என்ற தொலைக்காட்சி நடிகை, தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. கொன்றவன் அவர் மேல் பித்துப் பிடித்திருந்த ஒரு ரசிகன். வீட்டு முகவரி அவனுக்கு எப்படிக் கிடைத்தது? அரிசோனாவின் டூசான் நகரத்தில் ஒரு துப்பறியும் நிறுவனத்துக்கு 250 டாலர் கொடுத்தான். அவர்கள் கலிபோர்னியாவின் மோட்டார் வாகனத் துறைப் பதிவிலிருந்து முகவரியை எடுத்துக் கொடுத்தார்கள்.

இதில் மிகவும் உறுத்துகிற விஷயம், அந்த முகவரியை வாங்குவது அன்று சாதாரண விஷயம் என்பதுதான். நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போன்ற அந்த அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் பதிவில் உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். துப்பறிவாளர் பூட்டை உடைக்கவில்லை, யாரையும் மிரட்டவில்லை. 'எதற்காகக் கேட்கிறாய்?' என்ற ஒரு கேள்வியை மட்டும் சரியாகக் கேட்கவில்லை.

இதன் பிறகு கலிபோர்னியா 1990ல் ஒருவரைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதைக் குற்றமாக்கியது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் வந்தது அதுவே முதல் முறை. 1994ல் மத்திய அரசு, ஓட்டுநர் பதிவுகளில் இருக்கும் தனிப்பட்ட விவரங்களைப் பொதுவாக யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ஆனால் சில விதிவிலக்குகள் வைத்தது. அதில் ஒன்று: உரிமம் பெற்ற தனியார் துப்பறியும் நிறுவனம், சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்காக இந்த விவரங்களைப் பெறலாம்.

இந்த ஒரு வரி உரிமத்தின் பொருளையே மாற்றிவிட்டது. 1915ல் கயிறாக இருந்தது, 1994ல் சாவியாகவும் ஆகிவிட்டது. உரிமம் இல்லாதவருக்கு மூடிய கதவு, இருப்பவருக்குத் திறக்கும். எனவே உரிமத்தைப் பறிப்பது என்பது வெறும் அவமானம் மட்டுமல்ல, சாவியையும் திருப்பி வாங்குவது. ஒழுங்கு நடவடிக்கைக்கு முதல் முறையாக ஒரு கனம் வந்தது.

"எனக்கென்ன, வாடிக்கையாளர் கேட்டார்"

ஆனால் பத்து வருடம் போவதற்குள் இன்டர்நெட் வந்துவிட்டது. 1999ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரு இளைஞன், பள்ளிக்காலத்திலிருந்து தான் மனதில் வைத்திருந்த ஒரு பெண்ணைப் பற்றி டாக்குசெர்ச் என்ற இணைய நிறுவனத்திடம் விவரம் கேட்டான். கடன் அட்டையில் பணம் கட்டினான். அவளுடைய சமூகப் பாதுகாப்பு எண் 45 டாலர். வேலை செய்யும் இடத்தின் முகவரி 109 டாலர். அந்த முகவரியைக் கண்டுபிடிக்க, அந்த நிறுவனத்துக்காக வேலை செய்தவர் அந்தப் பெண்ணுக்கே போன் செய்து, தான் யார் என்று பொய் சொல்லிப் பேச்சுக் கொடுத்து வாங்கினார். 1999 அக்டோபர் 15 அன்று அவள் வேலை முடிந்து வெளியே வந்தபோது அவன் சுட்டுக் கொன்றான். தன்னையும் சுட்டுக்கொண்டான்.

இறந்தவளின் தாய் வழக்குப் போட்டார். நிறுவனத்தின் பக்க வாதத்தைச் சுருக்கமாகச் சொன்னால், வாடிக்கையாளர் செய்த கொலைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்பதுதான். 2003ல் நியூ ஹாம்ப்ஷயர் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான பதிலைச் சொன்னது. பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதும், அடையாளத் திருட்டும் இந்தத் தொழிலில் எதிர்பார்க்கக் கூடிய ஆபத்துகள். ஆகவே ஒரு மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரத்தை வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது, அந்த மூன்றாம் நபரிடமும் துப்பறிவாளருக்குக் கவனக் கடமை உண்டு என்றது. பொய் சொல்லி வேலையிட முகவரி வாங்கி விற்பதற்கு எதிராக நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழும் வழக்குப் போட வழியுண்டு என்றது.

என் பார்வையில் இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுதான். காசு கொடுத்தவரைத் தவிர இன்னொரு ஆளும் இந்த வியாபாரத்தில் இருக்கிறார் என்று ஒரு நீதிமன்றம் வாய்விட்டுச் சொன்னது. ஆனால் பாருங்கள், அதைச் சொல்ல ஒரு பெண் சாக வேண்டியிருந்தது.

போன் செய்து பொய் சொல்லித் தகவல் கறக்கும் வித்தை அதோடு நிற்கவில்லை. 2006ல் ஹியூலெட் பேக்கர்ட் கம்பெனியில் இயக்குநர் குழுவிலிருந்து செய்தி கசிகிறது என்று சந்தேகம் வந்தது. அவர்கள் அமர்த்திய விசாரணை ஆட்கள், இயக்குநர்கள் பேரிலும் பத்திரிகையாளர்கள் பேரிலும் ஆள்மாறாட்டம் செய்து தொலைபேசிப் பதிவுகளை வாங்கினார்கள். விஷயம் வெடித்து, குழுத் தலைவர் பட்ரீஷியா டன் பதவி விலகினார். கம்பெனி கலிபோர்னியாவுக்கு 1 கோடியே 45 லட்சம் டாலர் கட்டியது. 2007 ஜனவரியில், தொலைபேசிப் பதிவுகளை ஏமாற்றி வாங்குவது மத்தியக் குற்றமானது.

ஹாலிவுட் பிரபலங்களுக்கு வேலை பார்த்த ஆண்டனி பெல்லிகானோ கதை இன்னும் மோசம். தொலைபேசி ஒட்டுக்கேட்பு, லஞ்சம் கொடுத்துப் போலீஸ் கணினியில் விவரம் பார்ப்பது என்று வருடக்கணக்கில் நடத்தியிருக்கிறார். 2008ல் 15 வருடத் தண்டனை. மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் போனாலும், 2019ல்தான் வெளியே வந்தார். அவரைப் பிடித்தது உரிம அலுவலகம் அல்ல, எஃப்.பி.ஐ. ஒரு பெண் பத்திரிகையாளரின் கார் மேல் செத்த மீனையும் ரோஜாப் பூவையும் வைத்து மிரட்டிய சம்பவத்தில் 2002ல் தொடங்கிய விசாரணை அது. கயிறு கையில் இருந்தும் இழுப்பவர் இல்லை.

கேள்வியை முதலிலேயே கேட்ட நாடு

ஜப்பானின் கதை என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ஏனென்றால் அது நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே புராக்குமின் என்றொரு மக்கள் பிரிவு. தோல் பதனிடுதல், இறைச்சி போன்ற தொழில்களைச் செய்ததற்காகப் பழைய காலத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். 1871லேயே சட்டப்படி அந்தப் பிரிவினை ஒழிக்கப்பட்டுவிட்டது. பார்த்தால் அடையாளம் தெரியாது. எனவே கல்யாணத்துக்கு முன்பும் வேலைக்கு எடுக்கும் முன்பும் 'பூர்வீகம் எது?' என்று பார்த்துச் சொல்லத் துப்பறியும் ஆட்களை அமர்த்தினார்கள். 1975ல் புராக்கு ஊர்களின் பெயர்ப் பட்டியலே புத்தகமாக ரகசியமாக விற்கப்பட்டதும், பெரிய கம்பெனிகள் அதை வாங்கியதும் அம்பலமானது.

ஒசாகா மாகாணம் 1985ல் இத்தகைய பூர்வீக விசாரணைகளைக் கட்டுப்படுத்தி விதி கொண்டுவந்தது. தேசிய அளவில் துப்பறியும் தொழில் சட்டம் 2006ல் நிறைவேறி, 2007 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. ஒப்பந்தம் போடும்போதே, "இந்தத் தகவலைக் குற்றத்துக்கோ, சட்டவிரோதப் பாகுபாட்டுக்கோ பயன்படுத்த மாட்டேன்" என்று வாடிக்கையாளரிடம் எழுதி வாங்க வேண்டும். அப்படிப் பயன்படும் என்று தெரிந்தால் விசாரணையையே செய்யக் கூடாது. மீறினால் 6 மாதம் வரை தொழிலை நிறுத்தி வைக்கலாம், மூடவும் உத்தரவிடலாம்.

டூசானில் 250 டாலர் வாங்கியவர் கேட்காத கேள்வியை, இந்தச் சட்டம் ஒப்பந்தத்தின் முதல் தாளிலேயே கேட்க வைக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பொய் சொல்பவனை இது தடுக்காது என்பீர்கள். உண்மைதான். ஆனால் 'எனக்குத் தெரியாது' என்று துப்பறிவாளர் கையை உதற முடியாது.

சட்டம் போட்டும் பூட்டாத கதவு

பிரான்ஸ் 2011ல் இதற்கென்று ஒரு தேசியக் கவுன்சிலை உருவாக்கியது. 2012ல் தொழில் நெறிச் சட்டமும் வந்தது. எச்சரிக்கை, கண்டனம், தற்காலிகத் தடை, 1,50,000 யூரோ வரை அபராதம் என்று படிப்படியாகத் தண்டனைகள். இதில் கவனிக்க வேண்டியது, புகார் வரட்டும் என்று காத்திருக்காமல் அலுவலர்களே நேரில் போய்ச் சோதிக்க அதிகாரம் உண்டு. நான் மேலே சொன்ன ஓட்டைக்கு ஓரளவு மருந்து இதுதான்.

பிரிட்டனோ நேர் எதிர். 2001ல் போட்ட தனியார் பாதுகாப்புத் தொழில் சட்டத்தில் துப்பறிவாளர்களும் இருந்தார்கள். காவலாளிகளுக்கு உரிமம் வந்தது, துப்பறிவாளர்களுக்கான பகுதி மட்டும் நடைமுறைக்கு வரவில்லை. 2006ல் தகவல் ஆணையரின் அறிக்கை, துப்பறிவாளர்கள் பத்திரிகைகளுக்குத் தனிப்பட்ட விவரங்களை விலைப்பட்டியல் போட்டு விற்றதை வெளியிட்டது. 2011ல் ஒட்டுக்கேட்பு ஊழலில் 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' பத்திரிகையே மூடப்பட்டது. 2013ல் உள்துறை அமைச்சர் தெரசா மே, துப்பறிவாளர்களுக்கு உரிமம் கட்டாயமாகும் என்று அறிவித்தார். அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றுவிட்டது.

அமெரிக்காவிலேயே கொலராடோ மாநிலம் 2015ல் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. 2020ல் அதைத் தொடரும் மசோதாவை ஆளுநர் ஜாரெட் போலிஸ் மறுத்துவிட்டார். 2021ல் அந்த ஏற்பாடே முடிந்துபோனது. புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு உரிமம் ஒரு முட்டுக்கட்டை என்பது இந்தப் பக்கத்து வாதம். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேர்வும் கட்டணமும் ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்களுக்கு வேலியாகிவிடுவது எல்லாத் தொழிலிலும் நடப்பதுதான். ஆனால் கயிற்றை அவிழ்த்துவிட்டால் மறுபடி வீடோக் காலம்தான். ஒன்று ஜெயில், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை.

நம் ஊரில்

இந்தியாவில்? 2005ல் வந்த தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் சட்டம் செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்களுக்கானது. துப்பறியும் நிறுவனங்களுக்கென்று 2007ல் ஒரு மசோதா மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டது. உரிமம், அதைக் கொடுக்கவும் ரத்து செய்யவும் வாரியங்கள் எல்லாம் அதில் இருந்தன. நிலைக்குழுவுக்குப் போனது, 2009ல் அறிக்கையும் வந்தது. சட்டமாகவில்லை. நம் ஊர் ஏட்டில் சங்கர்லாலுக்கு லைசென்ஸ் கிடையாது, பறிக்கவும் வழி கிடையாது.

இவ்வளவும் படித்த பிறகு பெரியப்பாவின் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் கொஞ்சம்தான். வந்தவர் திருடியிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ போலீசுக்குப் போகலாம். அவர் செய்தது அதுவல்ல. சர்வே என்று ஒரு பொய், ஒரு டம்ளர் தண்ணீர், அரை மணி நேரப் பேச்சு, பிறகு நாங்கள் பார்க்கவே முடியாத ஒரு தாள். இந்த அளவுத் தவறுக்குத்தான் ஒழுங்கு நடவடிக்கை என்ற ஒன்று தேவைப்படுகிறது. அதற்குத் துணையாக இரண்டு விஷயங்களும் வேண்டும் என்று இந்த வரலாறு எனக்குச் சொல்கிறது. ஒன்று, ஜப்பானைப் போல 'எதற்காக?' என்று முதலில் கேட்கிற கடமை. இரண்டு, பிரான்ஸைப் போல, புகார் வராவிட்டாலும் போய்ப் பார்க்கிற அதிகாரம். ஏனென்றால் புகார் கொடுக்க வேண்டியவருக்கே விஷயம் தெரியாது.

அக்காவுக்கு வேறு நல்ல இடத்தில் கல்யாணம் ஆகி இப்போது ஒரு பெண் குழந்தை. எதிர் வீட்டு அத்தை மட்டும் இன்னும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "நான் தப்பா ஒண்ணும் சொல்லலடி, நல்லாத்தான் சொன்னேன்" என்பார். அக்கா சிரித்துக்கொண்டே "தெரியும் அத்தை" என்பாள். தெரியாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த முறை துப்பறியும் கதை படிக்கும்போது, கதாநாயகன் பொய் சொல்லி நுழையும் அந்த வீட்டில் இருப்பவர்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் நண்பர்களே. மீண்டும் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.